ஸ்டியரிங் ஆட்டம்

பழைய காரின் ஸ்டியரிங் தளர்ந்துபோனால் நம் பக்கத்துப் பட்டறைகளில் 'ஆட்டம்' என்பார்கள். கொஞ்சம் இங்கிலீஷ் கலந்தால் 'ப்ளே'. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு முதலில் தெரிந்த சொல் 'ஜெ'. மூன்று மொழிகளிலும் அதே சொல்லுக்கு விளையாட்டு என்றும் பொருள் இருக்கிறது. ஸ்டியரிங் தண்டின் முனையில் உள்ள குண்டு மூட்டுக்குப் பிரெஞ்சில் 'ரொத்யூல்' என்று பெயர். முழங்கால் சில்லுக்கும் அதே பெயர்தான். எழுபதைத் தாண்டிய வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. இரண்டே சக்கரம், திரும்புவது மாடு. நான்கு சக்கரக் கோச்சு வண்டியில்தான் சிக்கல் வந்தது. அதில் முன் அச்சு முழுவதும் நடுவிலுள்ள ஒரே ஆணியில் சுழன்றது. ஒடித்துத் திருப்பினால் வண்டி சாய்ந்தது. அச்சை அசையாமல் நிறுத்தி, இரு முனைகளிலும் சக்கரங்களை மட்டும் தனித்தனி ஆணியில் திருப்பலாம் என்று கண்டவர் மியூனிக் நகரத்து வண்டி செய்பவரான லாங்கென்ஸ்பெர்கர். அவருக்காக லண்டனில் 1818இல் காப்புரிமை வாங்கிக் கொடுத்தவர் ஆக்கர்மன் என்ற புத்தக வியாபாரி. பெயர் என்னவோ வியாபாரிக்குத்தான் நிலைத்தது. கோப்பு எழுதுபவர் ஒருவர், கையெழுத்து இன்னொருவருடையது என்பது என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்குப் புதிதா என்ன?

1873இல் பிரான்சின் லெ மான் நகரில் ஆலய மணி வார்க்கும் தொழில் செய்த அமெதே பொல்லே, நீராவியில் ஓடும் ஒரு பெரிய வண்டியைச் செய்தார். அதன் முன் சக்கரங்கள் தனித்தனி ஆணியில் திரும்பின. அந்த வண்டிக்கு அவர் வைத்த பெயர் 'லொபேயிசாந்த்'. சொன்னபடி கேட்பவள் என்று அர்த்தம். ஸ்டியரிங்கிடம் ஒருவர் எதிர்பார்க்கக் கூடியது அவ்வளவுதானே.

இப்படி ஒரு ஆணி இருந்த இடத்தில் இரண்டு வந்தன. அவற்றை இணைக்கத் தண்டு வந்தது, தண்டின் முனைகளில் மூட்டுகள் வந்தன. வண்டி ஒழுங்காகத் திரும்பியது; கூடவே தேயும் இடங்களும் பெருகின. நம் கையில் தெரியும் ஆட்டம் பெரும்பாலும் ஒரே இடத்தின் கோளாறு அல்ல. நாலைந்து இடங்களில் நூலளவு தேய்ந்தது கூடிக் கூடி ஸ்டியரிங்கில் அங்குலக் கணக்காகத் தெரிகிறது. ஆட்டத்தைக் கண்டதும் "ரேக்கை மாற்று" என்பதை நான் ஏற்காதது இதனால்தான்.

நம் தலைமுறை பார்த்த கார்கள் மூன்று. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசாக உத்தரபாராவிலிருந்து வந்த அம்பாசடருக்கு ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங். முன்புறம் சுருள் ஸ்பிரிங் கிடையாது. நீளமான எஃகுத் தண்டு ஒன்று முறுக்கிக்கொண்டு பாரத்தைத் தாங்கும். ஃபியட்டுக்குச் சுருள் ஸ்பிரிங், கிங்பின், தனி ஸ்டியரிங் பெட்டி. சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ ஆட்டோ ரிக்‌ஷா மாதிரி சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். ஆனால் அதன் கீழ் மூட்டில் மட்டும் கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் உள்ளே இருக்கும் மரைவரை போய்ச் சேராது. மரை காய்ந்து துருப்பிடித்து, ஒருநாள் தண்டே ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று கிரீஸ் கன்னைத் தூக்கியவர்களால் பல ஹெரால்டுகள் அழிந்தன.

அம்பாசடருக்கு நேர் எதிர். அதற்குக் கிரீஸ்தான் உயிர். நம் பந்தல்குடிப் பக்கம் கரிசல் புழுதி, அதோடு சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசி. இரண்டும் பழைய கிரீஸில் கலந்தால் அது மசகாக இருப்பதை விட்டுவிட்டுச் சாணைக்கல்லாக மாறிவிடும். அதனால் நிப்பிளில் நாலு அமுக்கு அமுக்கிவிட்டு எழுந்துவிடக் கூடாது. முன்புறத்தைத் தூக்கி, பாரத்தை இறக்கி, உள்ளே இருக்கும் கறுப்பு வெளியே வந்து புதுக் கிரீஸ் தெரியும்வரை அடிக்க வேண்டும்.

அருப்புக்கோட்டையில் எனக்குப் பழக்கமான மேஸ்திரி ஒருவர் இருந்தார். வண்டியைக் கொண்டுபோனால், "சார், ஸ்டியரிங்கை அப்புறம் பாக்கலாம். நீங்க உக்காந்து லேசா இப்படியும் அப்படியும் ஆட்டுங்க" என்று சொல்லிவிட்டு அடியில் படுத்துவிடுவார். ஒவ்வொரு மூட்டின் மேலும் கையை வைத்துப் பார்ப்பார். தண்டு அசைந்தும் அடுத்த துண்டு அசையாமல் நின்றால் தேய்மானம் அந்த மூட்டில்தான். கண்ணை விட உள்ளங்கைக்கு அது சீக்கிரம் தெரியும்.

பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கட்டை கொடுப்பார். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார். லொடக்கென்றால், "பிரேக்கை மிதிங்க" என்பார். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்தும் ஆடினால் கிங்பின் அல்லது அந்த இடத்து மூட்டு. அடுத்தது டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டுவது. அதில் மட்டும் ஆடினால் டை ராட் எண்ட், இல்லாவிட்டால் ரேக்கின் உள் மூட்டு. கடைசியாகக் கடப்பாரையால் கீழ்க் கையை நெம்பி ரப்பர் புஷ்ஷைப் பார்ப்பார். புஷ் நைந்துபோன கார் பிரேக் போடும்போது ஒரு பக்கம் இழுக்கும். அந்தக் குற்றத்தையும் ஸ்டியரிங் தலையில்தான் போடுவார்கள். ரேக்கை இறுக்குவது அவருக்குக் கடைசி வேலை. அதையும் அளவோடுதான் செய்வார். அதிகம் இறுக்கினால் ஆட்டம் மறைந்ததுபோல் தெரியும், ஆனால் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது.

எவ்வளவு ஆட்டம் வரை பொறுக்கலாம்? 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆவது விதி இதைச் சொல்கிறது: ஸ்டியரிங் சக்கரத்தில் 30 டிகிரிக்கு மேல் கூடாது. மூட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும் என்றும் அதே விதி கேட்கிறது. 30 டிகிரி என்றால் கடிகாரத்தில் ஒரு மணி நேர இடைவெளி. 16 அங்குலச் சக்கரமானால் விளிம்பில் 4 அங்குலத்துக்குச் சற்று மேல். தாராளமான சலுகைதான். என்னைக் கேட்டால் அதில் பாதி வந்தாலே பட்டறைக்குப் போய்விட வேண்டும்.

ஏனென்றால் கார் பழையது, சாலை பழையதல்ல. ஒற்றைச் சாலையாக இருந்த காலத்தில் இங்கிருந்து மதுரைக்கு நாற்பதில் உருட்டிக்கொண்டு போவோம். எதிரே லாரி வந்தால் மண்ணில் இறங்கி நிற்போம். அந்த வேகத்தில் இரண்டு விரல் ஆட்டம் ஒரு விஷயமே இல்லை. இப்போது நான்கு வழிச் சாலையில் அதே அம்பாசடர் எண்பதில் போகிறது. எண்பதில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறோம். பக்கத்தில் பஸ் முந்தும்போது காற்று தள்ளுகிறது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பி, அந்த ஆட்டம் தீர்ந்து, சக்கரம் பதில் சொல்வதற்குள் கார் பக்கத்துத் தடத்தில் இருக்கும்.

அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. 2017இல் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது பெஜோ கம்பெனி. கடைசியில் அதுவும் பிரெஞ்சுக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. தேடினால் புஷ்ஷும் டை ராட் எண்டும் இன்னும் கிடைக்கின்றன. வாங்கும்போது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்குங்கள். மாற்றிய பிறகு வீல் அலைன்மெண்ட் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.