விமானம் ஏறாதவரும் கட்டும் நட்டம்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குத் தொழிலுக்குப் போகிறவர்கள் இரவிரவாகப் பயணம் செய்து கட்டுநாயக்கவை அடைகிறார்கள். அங்கிருந்து பலர் ஏறுவது ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் விமானத்தில். டிக்கெட்டுக்குக் கொடுக்கும் காசு ஒரு பக்கம். அதே நிறுவனத்துக்காக ஊரிலிருக்கும் குடும்பம் கட்டுவது இன்னொரு பக்கம்.

2022 மே 16ஆம் திகதி நாட்டு மக்களுக்கு உரையாற்றிய அன்றைய பிரதமர் ரணில் விக்ரமசிங்க இதை மறைக்கவில்லை. 2020-21இல் மட்டும் 45 பில்லியன் ரூபாய் நட்டம். 2021 மார்ச் 31 வரையிலான மொத்த நட்டம் 372 பில்லியன். நிறுவனத்தை விற்றாலும், விமானத்தில் கால் வைக்காத ஏழைகளும் இதைச் சுமக்க வேண்டும் என்றார்.

எப்படி வந்தது இந்த நட்டம்? போரைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. 2001 ஜூலை 24 கட்டுநாயக்கத் தாக்குதலில் நிறுவனத்தின் விமானங்களில் ஏறக்குறைய பாதி அழிந்தன அல்லது சேதமடைந்தன. அது பெரிய அடிதான். ஆனால் 1979இல் எயார் லங்காவாகத் தொடங்கிய நிறுவனத்தின் முகாமைத்துவம் அப்போது, 1998 உடன்படிக்கைப்படி, எமிரேட்ஸிடம் இருந்தது. அந்த அடியிலிருந்து அது எழுந்தது.

2007 டிசம்பரில் லண்டனிலிருந்து திரும்பிய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவின் குழுவினருக்காக, ஆசனம் பதிந்திருந்த பயணிகளை இறக்க நிறுவனம் மறுத்தது. நிறைவேற்று அதிகாரியின் வேலை அனுமதி இரத்தானது. 2008 மார்ச்சில் எமிரேட்ஸின் முகாமைத்துவம் முடிவுக்கு வந்தது. 2010இல் அதன் பங்குகளையும் அரசாங்கம் வாங்கிக்கொண்டது. பெரும்பாலான ஆண்டுகள் நட்டமானது அதன் பிறகுதான், அதாவது போர் ஓய்ந்த காலத்தில்.

ஜனாதிபதியின் மைத்துனர் தலைவரானார். பயணிகள் இல்லாத மத்தல விமான நிலையத்துக்கும் பறந்தார்கள். 2013இல் எயார்பஸ் விமானங்களுக்குக் கட்டளை கொடுக்கப்பட்டது. அதற்காக நிறுவன அதிகாரி ஒருவரின் மனைவியுடைய கம்பனிக்கு 16.84 மில்லியன் டொலர் வரை தருவதாகப் பேசி, சுமார் 2 மில்லியன் கொடுத்ததை 2020இல் பிரித்தானிய விசாரணை வெளியிட்டது. குத்தகைக்குப் பேசிய ஏ350 விமானங்கள் பின்னர் வேண்டாமென்று விடப்பட்டன. ஒருநாளும் கையில் வராத விமானங்களுக்கு இழப்பீடு போனது.

இத்தனைக்கும் காசு எங்கிருந்து? இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும் கடன் கொடுத்தன. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் எரிபொருளைக் கடனுக்கு விட்டது. கல்முனையில் சேமிப்புப் புத்தகம் வைத்திருப்பவரின் வைப்பும் அந்த வங்கிகளில்தான். 2022இல் ரூபாய் சரிந்தபோது டொலர்க் கடன் ரூபாயில் இரட்டிப்பை நெருங்கியது. அரசாங்கம் பிணை நின்ற 175 மில்லியன் டொலர் பிணைமுறி, 2024 ஜூனில் தவணை முடிந்தும் செலுத்தப்படவில்லை.

விற்கும் முயற்சியும் சரிவரவில்லை. 2024 இறுதியில் வந்த புதிய அரசாங்கம் விற்பதில்லை என்றது. பழைய கடனில் ஒரு பகுதி திறைசேரியின் தலையில் ஏறியிருக்கிறது. திறைசேரிக்குப் போகும் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். கடையில் அதைக் கொடுப்பவர் விமானம் ஏறியவரா என்று யாரும் கேட்பதில்லை.