ஒரே ரேட்டிங், வேறு வேறு கை

சிவகாசியில் யாரைக் கேட்டாலும் 125 டெசிபல் என்று சொல்லிவிடுவார்கள். பட்டாசுச் சத்தத்துக்கு 1999-இல் மத்திய அரசு வைத்த எல்லை அது. ஆனால் விதியை முழுசாப் படித்தவர்கள் குறைவு. வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி வைத்து அளந்தால் 125-ஐத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி. சரவெடிக்குக் கணக்கே வேறு. எத்தனை வெடி கோர்த்திருக்கிறதோ, அதைப் பொறுத்து லாகரிதக் கணக்குப்படி எல்லை இன்னும் இறங்கும். அந்த 4 மீட்டரை எடுத்துவிட்டால் 125-க்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

செஸ் ரேட்டிங்கும் இப்படித்தான். எண்ணை மட்டும் சொல்கிறோம், எங்கே நின்று அளந்தது என்று சொல்வதில்லை.

என் அக்கா மகன் சிவகாசியில் பதினோராம் வகுப்பு படிக்கிறான். லிசெஸ் தளத்தில் அவனுடைய பிளிட்ஸ் ரேட்டிங் 1600 சொச்சம். எனக்கும் அதே 1600 சொச்சம்தான். மூணு நிமிஷ ஆட்டம் வைத்தால் என்னைத் துவைத்துக் காயப்போடுகிறான். ஆளுக்கு அஞ்சு நிமிஷம், ஒவ்வொரு மூவுக்கும் மூணு செகண்ட் கூடுதல் என்று வைத்தால் கதை தலைகீழ். "ஒரே நம்பர்தான மாமா நமக்கு? பெறகு எப்படி?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பதில் தேடப் போனால் அது அறுபது வருஷத்துக்கும் மேலான வரலாறாக நீண்டுவிட்டது.

இந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் அர்பாத் எலோ. 1903-இல் ஹங்கேரியில் பிறந்து, சின்ன வயசிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். மில்வாக்கியில் இயற்பியல் பேராசிரியர், நல்ல செஸ் ஆட்டக்காரரும்கூட. அவருடைய முறையை அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960-இல் எடுத்துக்கொண்டது, உலக அமைப்பான ஃபிடே 1970-இல் எடுத்துக்கொண்டது. கணக்கு எளிது. இரண்டு பேருக்கும் 100 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் நூற்றுக்கு 64 எடுப்பார், 200 என்றால் 76, 400 என்றால் 91. டெசிபல் போல இதுவும் லாகரிதம்தான்.

கவனிக்க வேண்டியது, இதில் வித்தியாசம் மட்டும்தான் இருக்கிறது. 1600 என்பது எடை மாதிரி தராசில் நிறுத்துச் சொன்ன அளவு இல்லை. நாளைக்கு எல்லாருக்கும் ஆயிரம் புள்ளி கூட்டிப் போட்டாலும் ஒன்றும் மாறாது. ஆகவே இரண்டு எண்களை ஒப்பிட வேண்டுமென்றால் அந்த இரண்டு பேரும் ஒரே கூட்டத்துக்குள் ஆடியிருக்க வேண்டும். நேராக இல்லாவிட்டாலும், இவன் அவனோடு, அவன் இன்னொருவனோடு என்று சங்கிலியாவது இருக்க வேண்டும். சங்கிலி அறுந்த இடத்தில் எண்ணுக்கு மதிப்பில்லை.

அறுந்த சங்கிலிக்கு மிக விசித்திரமான உதாரணம் கிளாட் பிளட்குட். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலச் சிறையில் கொலைக் குற்றத்துக்காக அடைபட்டிருந்தவர். உள்ளேயே சக கைதிகளோடு ஆயிரக்கணக்கில் ரேட்டிங் ஆட்டங்கள் ஆடினார். எதிராளிகளும் அந்தச் சுவருக்குள்ளேயே ரேட்டிங் வாங்கியவர்கள். புள்ளிகள் வெளியே போக வழியில்லை, மெல்ல மெல்ல அவரிடமே வந்து குவிந்தன. 1996-இல் அவருடைய ரேட்டிங் 2700-ஐத் தாண்டியது. பட்டியலைப் பார்த்தால் அமெரிக்காவின் இரண்டாவது பெரிய ஆட்டக்காரர்! அவர் ஏமாற்றினாரா, இல்லை சூத்திரம் தன் வேலையைச் செய்ததா என்று இன்றும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் சூத்திரத்தின் மேல் தப்பில்லை. பூட்டிய அறைக்குள் அது அளந்தது அந்த அறையை மட்டும்தான்.

இதே பிரச்சினையை ஃபிடே தன் கையாலேயே சரிசெய்யப் பார்த்ததும் உண்டு. பெண்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடுவதால் அவர்களுடைய எண் உண்மைப் பலத்தைவிடக் குறைவாக இருக்கிறது என்று காரணம் சொல்லி, 1987 ஜனவரியில் எல்லாப் பெண்களுக்கும் 100 புள்ளி கூட்டியது. ஒரே ஒருவருக்கு மட்டும் இல்லை. ஹங்கேரியின் சூசன் போல்கார் ஆண்களோடுதான் அதிகம் ஆடுகிறார், அவருடைய எண் ஏற்கெனவே சரி என்றார்கள். பதினேழு வயசுப் பெண். முந்தின நாள்வரை முதலிடம், ஒரு மூவ்கூட ஆடாமல் மறுநாள் கீழே. காரணத்தில் கணக்கு இருக்கலாம். ஆனால் ஒருத்தரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாருக்கும் கூட்டுவது என்னைப் பொறுத்தவரை அநியாயம்.

இப்போது நம்ம ஊர்ப்பக்கம் வருவோம். சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் 1972-இல் மிகயில் தால் பெயரில் ஒரு செஸ் கிளப் தொடங்கியது. முன்னின்றவர் மானுவல் ஆரன், 1961-இல் இந்தியாவின் முதல் இண்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர். சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் வளர்ந்தது அங்கேதான். அங்கே பிளிட்ஸ் ஆடும் முறையைப் பற்றி ஆனந்தே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: ஜெயித்தவர் பலகையில் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சின்னவன், பெரியவன் கிடையாது. ஆனந்த் மின்னல் வேகத்தில் ஆடப் பழகியதற்கு இந்த வரிசையும் ஒரு காரணம். மறுபடி நிற்க யாருக்குத்தான் பிடிக்கும்?

அங்கே எண் எதுவும் தேவைப்படவில்லை. ஒரே அறை, ஒரே கடிகாரம், எல்லாரும் எல்லாரோடும் ஆடுகிறார்கள். யார் கை எப்படி என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். எலோ கற்பனை செய்த கூட்டம் கிட்டத்தட்ட இதுதான்.

இணையத்தில் அந்த அறை உடைந்துபோனது. 1992-இல் டெல்நெட் வழியாக ஆடும் முதல் செஸ் சர்வர் வந்தபோது நெட் தாமதம் ஆட்டக்காரரின் கடிகாரத்திலேயே கழிந்தது. ரேட்டிங்கில் பாதி மூளை, பாதி மோடம். பிறகு டேனியல் ஸ்லேட்டர் என்ற கணினிப் பேராசிரியர் டைம்ஸ்டாம்ப் முறையைக் கொண்டுவந்து அந்தத் தாமதத்தைக் கணக்கிலிருந்து நீக்கினார். அது தீர்ந்தது. தீராத வேறு சில இருக்கின்றன.

லிசெஸ் எதை பிளிட்ஸ் என்கிறது? ஆரம்ப நேரத்தை செகண்டில் எடுத்து, மூவுக்குக் கூடும் செகண்டை 40-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 180 முதல் 479 வரை வந்தால் பிளிட்ஸ். கூடுதல் இல்லாத மூணு நிமிஷம் 180. அஞ்சு நிமிஷமும் மூணு செகண்டும் 420. இரண்டுக்கும் நேரத்தில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம், ரேட்டிங் மட்டும் ஒன்று. என் மருமகன் ஆடுவதெல்லாம் மூணு நிமிஷம். எதிராளி யோசிக்கும்போதே அடுத்த மூவைப் போட்டுவைக்கும் ப்ரீமூவ் அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி. லிசெஸில் அதற்கு நேரமே செலவாகாது. தோற்கிற நிலையிலும் எதிராளியின் கடிகாரத்தை விழவைத்து ஜெயித்துவிடுவான். நான் ராத்திரி பிள்ளைகள் தூங்கியபிறகு ஆடுவது 5+3. எனக்குத் தெரிந்தது யானை, சிப்பாய் முடிவாட்டம். கூடுதல் செகண்ட் இருக்கிறவரைக்கும்தான் அந்த அறிவுக்குச் சோறு. நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே இருக்கும் இரண்டு அறைகளில் வளர்ந்திருக்கிறோம்.

இதற்கு மேல் எண்ணே ஆடுகிறது. மார்க் கிளிக்மன் 1995-இல் உருவாக்கிய கிளிக்கோ முறையில் ரேட்டிங்கோடு இன்னொரு எண்ணும் உண்டு, விலகல். எவ்வளவு நிச்சயம் என்று சொல்வது அது. லிசெஸில் ஓடுவது அதன் அடுத்த வடிவம். விலகல் 50 என்றால், 1600 என்பதற்கு 1500-க்கும் 1700-க்கும் நடுவில் எங்கேயோ என்றுதான் பொருள். ஒருவர் நிஜத்தில் 1520, மற்றவர் 1680 என்றால், சமம் என்று நாம் நினைக்கும் ஜோடியில் ஒருவர் நூற்றுக்கு 70-க்கு மேல் எடுப்பார். இந்த இரண்டாவது எண்ணை யாரும் பார்ப்பதில்லை.

வீட்டுக்குள் மாமா, மருமகன் சண்டைக்கு இது போதும். ஆனால் இதில் காசும் இருக்கிறது. சாட்சியாபுரம் பக்கம் அச்சகத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரின் மகள் இணைய பிளிட்ஸில் 1900. சொல்லிக்கொடுத்த அகாடமியில், "1900 லெவல் சார், சும்மா வச்சிருக்காதீங்க" என்றார்கள். நுழைவுக் கட்டணம், பொதிகை எக்ஸ்பிரஸ், சென்னையில் ரூம் என்று ஒரு மாதச் சம்பளம் போனது. ஒன்பது சுற்றில் இரண்டு புள்ளி. 1200, 1300 என்று போட்டிருந்த பொடியன்களிடம் தோற்று வந்தாள். பிள்ளைக்குத் திறமை இல்லையோ என்று தகப்பனுக்குச் சந்தேகம்.

அந்தப் பொடியன்களின் எண்ணும் பொய்தான், எதிர்ப்பக்கமாக. ஒரு ஊரில் இருபது பிள்ளைகள் சேர்ந்து பயிற்சி எடுத்து எல்லாரும் ஒரே அளவு தேறினால், தங்களுக்குள் ஆடும்வரை ஒருத்தர் எண்ணும் ஏறாது. கொரோனா காலத்தில் பலகைப் போட்டிகள் நின்று, பிள்ளைகள் போனில் ஆடியே தேறினார்கள். அவர்களுடைய ஃபிடே எண் அப்படியே உறைந்து நின்றது. பதினெட்டு வயசுக்குக் கீழே 2300 வரை வேகமாக ஏறி இறங்கும்படி, பெரியவர்களுக்கு 20 என்று இருக்கும் காரணியைப் பிள்ளைகளுக்கு 40 என்று ஃபிடே 2014-லேயே வைத்திருந்தது. அதுவும் போதவில்லை. கடைசியில் 2024 மார்ச்சில், கிளாசிக்கல் ரேட்டிங் 2000-க்குக் கீழே இருந்த எல்லாருக்கும், 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் நூற்றுக்கு 40 பங்கைக் கூட்டியது. ராத்திரி 1000-ஆகப் படுத்தவன் காலையில் 1400. 1500 இருந்தவன் 1700. இந்தத் தடவை யாரையும் விட்டுவிடவில்லை.

நண்பரிடம் இன்னொன்றும் காட்டினேன். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் பதினெட்டு வயசில் உலக சாம்பியன் ஆனபோது கிளாசிக்கல் ரேட்டிங் 2780-ஐ ஒட்டி. பிளிட்ஸில் 2600 சொச்சம். ஒரே ஆள், ஒரே தலை, நடுவில் 150-க்கு மேல். அவர் ரொம்ப நேரம் அந்த இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டு, "அப்ப எம் மகளுக்கு எதைப் பார்க்கணும்?" என்றார். தொண்ணூறு நிமிஷ ஆட்டத்துக்குப் போகிறவள் தொண்ணூறு நிமிஷம் உட்கார்ந்து எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறாள் என்று கேட்டேன். அந்தப் போட்டிக்கு முன்னால் ஒன்றுகூட இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு முற்றத்தில் நாலு பலகை விரிகிறது. கடிகாரம் இரண்டுதான் இருக்கிறது, மற்ற இரண்டு பலகைக்குப் போன். என் மருமகனும் போகிறான். ரேட்டிங் எதுவும் கிடையாது. முதல் இரண்டு வாரம் அவன் எல்லா ஆட்டத்தையும் பதினைந்து நிமிஷத்துக்குள் முடித்துவிட்டு, மிச்ச நேரம் முழுக்க அந்தப் பெண் யோசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.