யார் பேசுகிறார்? குறுந்தொகை 37ஆம் பாடலும் ஒன்பதாம் வகுப்பும்

பள்ளி மாணவருக்குச் சங்கப் பாடல் கடினமாவது அருஞ்சொற்களால்தான் என்பது, கற்பித்தல் குறித்த எழுத்துகளில் ஏறத்தாழ முடிந்த முடிபாகவே வழங்கி வருகிறது. சொற்பொருளும் பொழிப்பும் தந்துவிட்டால் தடை நீங்கிவிடும் என்பது அதன் நீட்சி. தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்ற குறுந்தொகை 37 இக்கருத்துக்கு இடம் தரவில்லை என்று எண்ணுகிறேன். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் இப்பாட்டு நான்கே அடி. அகராதி தேடவேண்டிய சொற்கள் ஐந்தாறு இருக்கலாம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: பேசுவது யார்?

பிரிந்து சென்ற தலைவன் விரைவில் வருவான் என்று தோழி தலைவியை ஆற்றுவித்ததாகக் கூற்றுக் குறிப்பு சொல்கிறது. 1937இல் வெளிவந்த உ.வே.சா. பதிப்பின் உரையும் அவ்வழியே செல்கிறது. கூற்றுகள் பின்னோர் வகுத்தவை என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அக்கூற்றுக் குறிப்பைச் சற்றே மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் பார்ப்போம். அதில் விளிக்கப்படுபவள் 'தோழி'. ஆகவே தலைவியே தன் தோழியிடம் பேசுகிறாள் என்றுதான் பதினான்கு வயது மாணவி முதலில் கொள்வாள். பிழை என்று அடித்துவிடுவது எளிது; தலைவியைத் தோழியும் 'தோழி' என்றே விளிப்பது அகப்பாடல்களில் மிகுதி. ஆனால் தலைவி தோழியை அவ்வாறு விளிப்பதும் வழக்கம்தானே. விளியை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அவர் விருப்பம் மிக்கவர், அன்பும் செய்வார் என்கிறது பாட்டு. அவர் சென்ற வழியில் களிறு பிடியின் பசியைப் போக்க யா மரத்தை உரிக்கும் என்கிறது. திரும்பி வருவார் என்று எங்குமே சொல்லவில்லை. யானையைக் கண்டதும் தலைவியை நினைப்பான், நினைத்ததும் விரைவான் என்பதெல்லாம் கூற்றை ஒட்டி உரைக்குள் வந்து, அங்கிருந்து வகுப்பறைப் பொழிப்புக்குள் இறங்கியவை. தலைவியின் பேச்சாகக் கொண்டாலோ அந்தக் களிற்றின் பொருளே மாறுகிறது. விலங்குகூடத் துணையை விட்டுப் போகவில்லை என்ற குத்தல் அதில் கேட்கக்கூடும்.

அன்பு காட்டும் இறைச்சியைச் சுட்டுவது வருந்துபவளுக்கு வன்புறையாகும் என்று தொல்காப்பியப் பொருளியல் சொல்கிறதே எனலாம். வலுவான தடைதான். கூற்று தவறு என்பது என் வாதம் அன்று. தோழி கூற்றே பொருந்தும் என்றுதான் நானும் கருதுகிறேன். ஆனால் அம்முடிவுக்கு உரைகாரர் வந்து சேர்ந்த தடத்தை அழித்துவிட்டு, முடிவை மட்டும் மாணவர் கையில் தருகிறோம். தேர்வுக்கு நேரம் போதாது என்பார்கள். நான்கடிப் பாட்டுக்கு அது ஒரு காரணமன்று.

கூற்றைப் பாட்டுக்குப் பின்னால் வைத்தால் இலக்கணக் குறிப்புக்கும் வேலை வந்துவிடுகிறது. 'அன்பின' என்பது பலவின்பால் வினைமுற்று என்று மனப்பாடம் செய்கிறார்கள். எவை அன்புடையன? யானைகள் என்று சொல்லத்தான் வாய் வரும். ஆனால் அச்சொல்லுக்கு எழுவாய் பாட்டின் கடைசியில் நிற்கும் 'ஆறு'. அவர் போன வழி. காய்ந்து கிடக்கும் பாலை வழிக்கு அன்பு உண்டு என்று துணிந்து சொல்லக்கூடியவள் இருவரில் எவள் என்பதை மாணவர்கள் முதலில் தமக்குள் வாதிட்டுக்கொள்ளட்டும்; கூற்றைப் படிக்க அதற்குப் பிறகும் நேரம் இருக்கிறது.