பெயரில்லாத வயலின்கள்

பதுளை அருகே ஹாலிஎலத் தேயிலைத் தோட்டங்களில், மின்சாரம் இல்லாத லயங்களிலும் (தொழிலாளர் வரிசை வீடுகளிலும்) பேட்டரி ரேடியோ பாடியது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன்பு கொஞ்சம், கொழுந்து நிறுத்து வீடு திரும்பிய பிறகு கொஞ்சம் என்று இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டுத்தான் ஒரு தலைமுறை வளர்ந்தது. கொழும்பில் 1958இலேயே சிம்பொனி இசைக்குழு தோன்றிவிட்டது. ஆனால் பதுளைப் பக்கத்து மக்களுக்கு வயலின் கூட்டத்தின் நாதத்தைக் கொண்டுவந்து சேர்த்தது சினிமாப் பாட்டுதான்.

1976இல் இளையராஜா இசையமைத்த 'அன்னக்கிளி' வந்தது. அடுத்தடுத்து வந்த அவருடைய பாடல்களில் அந்த நாதம் பெருகியது. பாடியவர் யார், இசையமைத்தவர் யார் என்று அறிவிப்பாளர் சொல்வார். வயலின் வாசித்தவர் பெயரைச் சொல்ல ஆளில்லை.

அப்படி வாசித்தவர்களில் ஒருவர் வி.எஸ்.நரசிம்மன். இயக்குநர் பாலசந்தரின் 'அச்சமில்லை அச்சமில்லை' (1984) படத்துக்கு இசையமைத்தவரும் அவர்தான். 1986இல் வெளிவந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பில் தனி வயலின் அவருடையது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசை மேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு அது.

1993இல் நரசிம்மன் 'மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்' குழுவைத் தொடங்கினார். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் இசையமைப்பாளர் ஹைடன் நிலைநிறுத்திய அமைப்பு. வியோலாவில் பி.ஜே.சந்திரன், செல்லோவில் வி.ஆர்.சேகர். ரெக்கார்டிங் தியேட்டரில் முகம் தெரியாமல் வாசித்த கலைஞர்கள், தங்கள் பெயரோடு மேடையில் உட்கார்ந்தார்கள்.

வயலின் தமிழருக்குப் புதிதல்ல. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) அதைச் சென்னையில் ஐரோப்பியரிடம் கற்று கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் மேற்கத்திய வாத்தியங்களுக்கு அரண்மனையில் இடம் கொடுத்தார். ஆனால் நம் கச்சேரியில் வயலின் பாட்டின் பின்னாலேயே போனது. ஒரே நேரத்தில் நான்கு குரல் பேசும் வழக்கம் இங்கே இல்லை.

நரசிம்மன் கைவைத்தது அங்கேதான். கிருதியின் மெட்டு கமகத்தோடு முதல் வயலினில் நடக்கும். மற்ற மூன்று வாத்தியங்களுக்கும் அவர் தனித்தனியாக ஸ்வரம் எழுதினார். சொல்வது சுலபம். மோகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஸ, ரி, க, ப, த என்று ஐந்தே ஸ்வரம். மேற்கத்திய இசையில் சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டைக் 'கார்டு' என்பார்கள்; அவற்றில் மிகச் சாதாரணமான மூன்றில் ஒன்றுக்கு ம, இன்னொன்றுக்கு நி தேவை. அந்த ஸ்வரங்களைச் சேர்த்தால் மோகனம் கெட்டது. விட்டால் அந்தக் கார்டுகள் முழுமையாகா. ராகத்தைக் காயப்படுத்தாமல் இந்த இடுக்கில் வழி கண்டதுதான் இந்தக் குழு பெற்ற மதிப்புக்கு அடிப்படை.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியபோது உலகத் தமிழர் எல்லாரும் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமையில் சென்னையின் வயலின் கலைஞர்களுக்கும் பங்கு உண்டு. அடுத்த முறை ஒரு பழைய பாட்டு உங்கள் வீட்டில் ஒலிக்கும்போது, வாசித்தவர் பெயரையும் தேடிப் பிடித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

(தொடரும்)