நாலணாவுக்குக் கூடை நிறைய: போர் முடிந்த காலத்து விலைவாசி



"அந்தக் காலத்தில் நாலணா கொண்டு போனால் கூடை நிறையக் காய்கறி வாங்கி வரலாம்" என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நம் குடியிருப்பின் மாலை நேரப் பெஞ்சில் வாரத்துக்கு ஒரு முறையாவது இது வந்துவிடும். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வணிகவியல் படித்துவிட்டு வங்கியில் பேரேடு எழுதியே தலை நரைத்த எனக்கு, இதைக் கேட்டதும் இரண்டு கேள்விகள் எழும். அந்த நாலணாவைச் சம்பாதிக்க ஒருவர் எவ்வளவு உழைக்க வேண்டியிருந்தது? நாலணா கையில் இருந்தாலும் கடையில் சரக்கு இருந்ததா? இந்த இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு, இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 முதல் ஒரு பத்தாண்டை என்னோடு சுற்றிப் பார்க்க வாருங்கள். அப்போது நம் சங்கராபுரம் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. விழுப்புரம் மாவட்டமும் கிடையாது, கள்ளக்குறிச்சி மாவட்டமும் கிடையாது.

முதலில் காசுக் கணக்கு

இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு நான்கு காலணா, அல்லது 12 தம்பிடி. ஆக ரூபாய்க்கு 64 காலணா, 192 தம்பிடி. இன்றும் நம் பேச்சில் இருக்கும் நாலணா, எட்டணா எல்லாம் அந்தக் கணக்கின் மிச்சம்தான். 1957 ஏப்ரல் 1-இல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்று மாறியது.

போர் நாணயத்தையும் விடவில்லை. 1940 வரை ரூபாய் நாணயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெள்ளி இருந்தது. அந்த ஆண்டு அதைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947 என்று ஆண்டு பொறித்த ரூபாயில் வெள்ளியே இல்லை, முழுக்க நிக்கல். உலோகத்தை மிச்சப்படுத்த 1943-இலிருந்து நடுவில் ஓட்டை போட்ட காலணா வந்தது. உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் இந்த ஓட்டைக் காலணா ஒன்று கிடந்தாலும் கிடக்கும், தேடிப் பாருங்கள்.

போர் முடிந்தது, விலை இறங்கவில்லை

போர்க்காலத்தில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் துணி, தானியம், தளவாடம் என்று கணக்கில்லாமல் வாங்கியது. அதற்கான பணத்தை லண்டனில் நம் பெயரில் வரவு வைத்துவிட்டு, இங்கே ரிசர்வ் வங்கி நோட்டு அடித்துக் கொடுத்தது. 1939-இல் 200 கோடி ரூபாய்க்கும் குறைவாக இருந்த நோட்டுப் புழக்கம் 1945-இல் 1,100 கோடியைத் தாண்டியது. சரக்கு மட்டும் அந்த அளவுக்குப் பெருகவில்லை. பிறகு விலை என்ன செய்யும்?

அரசின் மொத்த விலைக் குறியீட்டைப் பாருங்கள். போருக்கு முந்தைய ஆண்டை 100 என்று வைத்தால், 1945-46-இல் அது சுமார் 245. போர் முடிந்துவிட்டதே, இனி இறங்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். 1948-49-இல் 376 ஆனது. 1951-52-இல் 435. அதாவது 1939-இல் 40 ரூபாய் சம்பளத்தில் குடும்பம் நடத்திய ஒரு குமாஸ்தாவுக்கு, பத்து வருடம் கழித்து அதே வாழ்க்கையை நடத்த 150 ரூபாய் தேவை. சம்பளம் அந்த வேகத்தில் ஏறாது என்பது மாதச் சம்பளக்காரர் எவருக்கும் தெரியும். அகவிலைப்படியை நம் பெரியவர்கள் "பஞ்சப்படி" என்று சொல்வார்களே, அந்தச் சொல்லுக்குள்ளேயே அந்தக் காலம் இருக்கிறது.

வரதாச்சாரியார் தலைமையில் அமைந்த முதல் ஊதியக் குழு 1947-இல் அறிக்கை தந்தது. மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் 30 ரூபாய், பஞ்சப்படி 25 ரூபாய், மொத்தம் 55 ரூபாய் என்றது. அந்த ஆண்டு ஒரு சவரன் தங்கம் சுமார் 70 ரூபாய். "தங்கம் எழுபது ரூபாய்தானா!" என்று நாம் வாயைப் பிளக்கிறோம். அந்த ஊழியர் முழு மாதமும் பட்டினி கிடந்து சம்பளத்தைச் சேர்த்து வைத்தாலும் ஒரு சவரன் வாங்க முடியாது. அதுவும் அரசு வேலை கிடைத்த பாக்கியசாலிக்கு. மல்லாட்டைக் கொல்லையில் கூலிக்குப் போனவருக்கு அந்த 55 ரூபாயும் எட்டாத தொகை.

1946 ஜனவரி 12-இல் 500, 1,000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்தது. 2016-இல் நாம் வரிசையில் நின்ற அனுபவத்தை வைத்து இதை நினைக்க வேண்டாம். அன்று நூறு ரூபாய் நோட்டைக்கூடக் கண்ணால் காணாதவர்கள் ஏராளம். கறுப்புச் சந்தைக்காரர்கள்தான் அலைந்திருப்பார்கள்.

பன்னிரண்டு அவுன்ஸ்

இனி இரண்டாவது கேள்வி. சரக்கு இருந்ததா?

சென்னை மாகாணம் பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தது. 1942-இல் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்ததும் அந்த வரத்து நின்றது. அங்கே பிழைக்கப் போயிருந்த தமிழர்கள் காடு மலை கடந்து நடந்தே திரும்பினார்கள். நகரங்களில் ரேஷன் வந்தது. கிராமங்களில் அரசு நெல்லைக் கட்டாயக் கொள்முதல் செய்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு மூட்டை நெல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாவட்ட எல்லையைத் தாண்டினால் குற்றம். மண்ணெண்ணெய், சர்க்கரை, துணி எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. பெட்ரோல் கிடைக்காததால் பின்புறம் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிவாயுவில் பஸ் ஓடியது.

1946-இல் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 அவுன்ஸ் தானியம் என்று ரேஷனைக் குறைத்தார்கள். அது 340 கிராம். 1951 ஜனவரியில் 9 அவுன்ஸ், அதாவது 255 கிராம் ஆக்கினார்கள். "டயட்டில் இருக்கும் நாங்கள் அவ்வளவு சாப்பிடுவதே இல்லையே" என்று நீங்கள் சொல்லலாம். நாம் தட்டில் காய், பருப்பு, பால், முட்டை எல்லாம் வைத்துக்கொண்டு சோற்றைக் குறைக்கிறோம். நாள் முழுவதும் உடல் நோக உழைத்தவருக்குச் சோறுதான் எல்லாம். இன்று ரேஷன் அரிசி போதாவிட்டால் கடையில் வாங்கிக்கொள்கிறோம். அன்று அதற்கு மேல் வேண்டுமானால் கறுப்புச் சந்தைதான்.

நம் பக்கத்து ஏழை வீடுகளைக் காப்பாற்றியது கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் சாமையும்தான். இன்று அதையே 'சிறுதானியம்' என்று அழகாகப் பொட்டலம் கட்டி நமக்கு விற்கிறார்கள்.

நாம் மட்டும் இப்படித் தவித்தோம் என்று நினைக்க வேண்டாம். போரில் வென்ற பிரிட்டன், போர்க்காலத்தில்கூட ரேஷனில் போடாத ரொட்டியை 1946 ஜூலையில் ரேஷனில் போட்டது. அங்கே ரேஷன் முழுவதும் ஒழிய 1954 ஆனது. அமெரிக்காவில் 1946 நடுவில் விலைக் கட்டுப்பாடு தளர்ந்ததும் விலைகள் எகிறின. சர்க்கரை ரேஷன் 1947 வரை நீடித்தது. ஆனால் அங்கே மக்கள் கையில் போர்க்காலச் சேமிப்பு இருந்தது. அவர்கள் ஏங்கியது புதுக் காருக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும். நம்மவர் ஏங்கியது ஒரு படி அரிசிக்கு.

எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள்

இனி நான் சொல்ல வந்த முக்கியமான இடம். கட்டுப்பாடுகள் மக்களை வதைக்கின்றன, பதுக்கலை வளர்க்கின்றன, எடுத்துவிடுங்கள் என்று காந்தியடிகள் வற்புறுத்தினார். 1947 டிசம்பரில் உணவுக் கட்டுப்பாட்டைப் படிப்படியாக நீக்கத் தொடங்கினார்கள். நவம்பர் 1947-இல் சுமார் 302 ஆக இருந்த குறியீடு 1948 ஜூலையில் 390-ஐத் தொட்டது. எட்டே மாதம்! அந்த ஆண்டே கட்டுப்பாடு திரும்பி வந்தது. அப்போது மாகாணத்தின் பிரதமராக இருந்தவர் நம் தென்னாற்காட்டுக்காரர், திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார்.

பிறகு 1952. முதல் பொதுத்தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152-தான் கிடைத்தது. அரிசித் தட்டுப்பாடு அதற்கு ஒரு பெரிய காரணம். ஏப்ரலில் முதல்வரான ராஜாஜி, ஜூனில் அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1948 திரும்பி வருமோ என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். வரவில்லை. 1952-53-இல் அகில இந்தியக் குறியீடு 381-க்கு இறங்கியது.

ஒரே மருந்து முதல் முறை காய்ச்சலை ஏற்றியது. இரண்டாம் முறை நோயாளி எழுந்து நடந்தார். ஏன்? 1947-இல் கையிருப்பு இல்லை, பணம் மட்டும் மிதந்தது. 1952-க்குள் நிலைமை மாறியிருந்தது. 1951-இல் அமெரிக்கா 19 கோடி டாலர் கடனில் கோதுமை தந்தது. அதே ஆண்டு நவம்பரில் ரிசர்வ் வங்கி, 1935 முதல் அசையாமல் இருந்த 3 சதவீத வங்கி வட்டியை 3½ ஆக்கியது. கடன் வாங்கிப் பதுக்குவது கட்டுப்படியாகவில்லை. கொரியப் போரால் ஏறியிருந்த உலக விலைகளும் சரிந்தன. நாளைக்கும் சரக்கு வரும் என்று வியாபாரி நம்பிவிட்டால் மூட்டையை ஒளித்து வைப்பதில் லாபம் இல்லை. அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் எந்தச் சட்டமும் அரிசியைக் கடைக்குக் கொண்டு வராது.

கொட்டகையும் ரேடியோவும்

வயிறு காய்ந்தாலும் நம் மக்கள் படம் பார்க்காமல் இருக்கவில்லை. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. போர்க்காலத்தில் பிலிம் சுருளுக்கும் பஞ்சம். ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று உத்தரவு. அது ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அந்தத் தடை நீங்கிய பிறகு 1948-இல் வந்த 'சந்திரலேகா' மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியது. ஊர்ப்பக்கம் டூரிங் டாக்கீஸ். தரை, பெஞ்சு, நாற்காலி என்று வகுப்புகள். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற மாற்ற இடைவேளை. கொட்டகை இல்லாத ஊருக்குத் தெருக்கூத்து இருக்கவே இருந்தது. 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி' ரங்கூனிலிருந்து திரும்பும் குடும்பத்தின் கதை. பார்த்தவர்களுக்கு அது நேற்று நடந்த செய்தி.

ரேடியோ வைத்திருக்க அஞ்சலகத்தில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். 1952-இல் அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியது. ஜனங்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிவிட்டார்கள். 1957-இல் விவித்பாரதி வந்தது அதனால்தான். பத்திரிகையோ, ஒருவர் வாங்கினால் டீக்கடையில் பத்துப் பேர் கேட்டார்கள். 1951-இல் இந்தியாவில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 18 பேர்தான். 1942-இல் தொடங்கிய 'தினத்தந்தி'யின் எளிய தமிழ், உரக்கப் படித்துக் காட்ட வசதியாக இருந்தது.

மலையில் வேறு கணக்கு

நம் மொட்டை மாடியிலிருந்து தெரிகிற கல்வராயன் மலையில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அங்கே 1947-க்குப் பிறகும் ஜாகீர்தார்களின் ஆட்சிதான். மலை முழுமையாக அரசு நிர்வாகத்துக்கு வந்தது 1976-இல்.

அடுத்த முறை யாராவது "நாலணாவுக்குக் கூடை நிறைய" என்றால் மறுத்துப் பேசாதீர்கள். "அப்போது உங்கள் அப்பாவுக்கு எவ்வளவு கூலி? வீட்டில் எத்தனை பேர் மூன்று வேளை சாப்பிட்டீர்கள்?" என்று மட்டும் மெல்லக் கேளுங்கள். அந்தக் காலத்தில் பிறந்தவர்கள் நம் குடியிருப்பில் சிலராவது இருக்கிறார்கள். 1951 வாக்கில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயது. அதைக் கடந்து வந்து நம்மோடு உட்கார்ந்திருக்கும் அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வையுங்கள். பழைய ரேஷன் கார்டோ, சம்பளச் சீட்டோ, மளிகைக் கணக்கு நோட்டோ வீட்டில் இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அடுத்த இதழுக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.