திருத்தூதர் பெயர்கள்: பொருளும் ஒலியும்

இயேசுவின் முதற்சீடர்களைத் தமிழில் எவ்வாறு அழைப்பது என்னும் சிக்கல், ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளாரின் 'அடியார் வரலாறு' அச்சேறிய 1586ஆம் ஆண்டு தொட்டே மொழிபெயர்ப்பாளர் முன் நிற்பதாகும். அதன் விளைவை மும்பைத் தாராவியிலும் காணலாம். தென்தமிழகத்திலிருந்து அங்குக் குடியேறிய கிறித்தவருள் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் உளர். முன்னவர் மரபில் 'அருளப்பர்' எனப்பட்டவரே பின்னவர்க்கு 'யோவான்'. ஆள் ஒருவர், மொழி ஒன்று, பெயர் இரண்டு.

பழைய கத்தோலிக்க வழக்கில் பல பெயர்கள் பொருள்வழி அமைந்தவை. 'பவுலுஸ்' என்னும் இலத்தீன் சொல் சிறியவன் எனப் பொருள்படும்; எனவே சின்னப்பர். 'ஸ்தேபனோஸ்' என்னும் கிரேக்கச் சொல் முடியைக் குறிக்கும், எனவே முடியப்பர். கடவுள் அருளினார் என்னும் எபிரேயப் பொருளினின்று அருளப்பர் பிறந்தது. 'அப்பர்' என்னும் ஈறு உறவையும் மதிப்பையும் ஒருங்கே உணர்த்திற்று. சீர்திருத்தச் சபையினரின் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முற்றுப்பெற்றது. அவ்வழி வந்த பதிப்புகளில் பவுல், ஸ்தேவான், யோவான் என்னும் ஒலிபெயர்ப்புகள் நிலைபெற்றன.

பதவிப்பெயரில் இவ்வேறுபாடு இல்லை. இருசாராரும் 'அப்போஸ்தலர்' என்னும் கிரேக்க ஒலியையே ஏற்றனர். அனுப்பப்பட்டவர் என்பது அதன் பொருள். மும்பையில் வழங்கும் மராத்தி விவிலியமோ அப்பொருளையே கொண்ட 'பிரேஷித்' என்னும் சொல்லை ஆள்கிறது.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு கத்தோலிக்கரின் பழைய முறையைத் தலைகீழாக்கியது. அப்போஸ்தலர் 'திருத்தூதர்' ஆயினர். சின்னப்பர் 'பவுல்' ஆனார். பதவிப்பெயர் பணியை விளக்குவது. ஆட்பெயர் ஆளைச் சுட்டினால் போதும் என்னும் நோக்கில் இது பொருந்துவதே. இரு சபையினருக்கும் பொதுவான பெயர்களும் கிடைத்தன.

எனினும் இழப்பும் உண்டு. 'பேதுரு' என்னும் ஒலியில் பாறை என்னும் பொருள் புலப்படாமையால், மத்தேயு நற்செய்தி 16ஆம் அதிகாரத்தின் சொல்நயம் அடிக்குறிப்பின்றி விளங்குவதில்லை. 'அப்பர்' உணர்த்திய உறவும் மறைந்தது.

பழம்பெயர்கள் முற்றும் அழிந்துவிடவில்லை. அருளப்பன், சின்னப்பன், இராயப்பன் என ஆட்பெயர்களில் அவை வாழ்கின்றன. பழைய கத்தோலிக்க நூல்களையும் ஆவணங்களையும் பிறமொழிக்குப் பெயர்ப்போர் இப்பெயர்களை அறிந்திருத்தல் இன்றியமையாதது. அறியாவிடின் சின்னப்பரும் பவுலும் இருவராகிவிடுவர்.