மீனுக்காகக் கட்டிய கப்பல்

கடலில் மீன் குறையுமா என்று இன்று எந்த மீனவரைக் கேட்டாலும் பதில் சொல்வார். ஆனால் 1883-இல் லண்டன் மீன்வளக் கண்காட்சியில் பேசிய தாமஸ் ஹக்ஸ்லி, பெரிய கடல் மீன்வளங்கள் வற்றவே வற்றாது என்றார். டார்வினுக்காக வாதாடிய அதே மேதைதான்!

அமெரிக்காவில் ஸ்பென்சர் பெயர்டு அப்படி நம்பிவிடவில்லை. நியூ இங்கிலாந்து கரையோரம் மீன் குறைகிறது, யார் காரணம் என்று தூண்டில்காரர்களும் வலைக்காரர்களும் மோதிக்கொண்டார்கள். விசாரிக்க 1871-இல் அரசு மீன் ஆணையம் அமைந்தது. தலைவர் பெயர்டு. கரையில் நின்றே எவ்வளவு காலம் விசாரிப்பது? 1882-இல் 'ஆல்பட்ராஸ்' நீரில் இறங்கியது. கடல் ஆராய்ச்சிக்கென்றே ஓர் அரசு கட்டிய முதல் பெரிய கப்பல் என்று இதைச் சொல்வார்கள்.

234 அடி நீளம், இரும்பு உடல், நீராவி இயந்திரம், கூடவே பாய்மரம். எடிசன் மின்விளக்குகள் வேறு! அந்த விளக்கையே நீருக்குள் இறக்கி மீன்களை வரவழைத்துப் பார்த்தார்கள். கயிற்றுக்குப் பதில் மெல்லிய பியானோ கம்பியில் எடை கட்டி ஆழம் அளந்தார்கள். எனக்குப் பிடித்த விவரம் அதுதான்.

கப்பலை நடத்தியவர்கள் கடற்படையினர். அதனால் 1898-இலும் 1917-இலும் போர் வந்ததும் மீன் ஆராய்ச்சி நின்றது, கப்பல் கடற்படைக்குப் போனது. இடையில் 1907 முதல் 1910 வரை பிலிப்பைன்ஸ் கடலைத் துழாவியது.

1921-இல் ஓய்வு கொடுத்தார்கள். அது வாரிக் கொண்டுவந்த மீன்கள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. நூறாண்டு கழித்தும் ஆய்வாளர்கள் அந்த ஜாடிகளைத் திறந்து பார்க்கிறார்கள்.